குன்னூர் எலிகளும் எங்க ஆச்சியோட கம்பஞ்சோறும்

கொஞ்சம் நீளமான பதிவு மக்களே. டீயோ காப்பியோ கையில எடுத்துக்கிட்டு உட்காருங்க.

"குறைந்த செலவில் சத்தான சமையல்" அப்படின்னு பத்திரிகைகள்ல அடிக்கடி இணைப்பு போடுவாங்க. முப்பது நாள் முப்பது வகை. எடுத்துப் பார்த்தா முதல் பக்கத்திலேயே முந்திரி, பனீர்னு இருக்கும். இது யாருக்குக் குறைந்த செலவுன்னு எனக்கு இதுவரை புரிஞ்சதில்லை. ஆனா கேள்வி மட்டும் ரொம்பப் பழசு. கையில இருக்கிற காசுக்கு ஒரு குடும்பம் என்ன சாப்பிட்டா உடம்பு நல்லா இருக்கும்? இந்தக் கேள்வியை ஆய்வுக்கூடத்தில் வச்சு முதன்முதலா ஒழுங்காக் கேட்ட இடங்கள்ல ஒண்ணு நம்ம நீலகிரியில்தான் இருந்தது. அதைத் தோண்டப் போய் எங்க ஆச்சி வீட்டு உரல் வரைக்கும் வந்து நின்னேன். அந்தக் கதைதான் இது.

1918-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒரே ஒரு அறையை வாங்கிக்கிட்டு ராபர்ட் மெக்காரிசன்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர் பெரிபெரி நோயைப் பத்தி ஆராய்ச்சி தொடங்கினார். சத்துக்குறைவால் நரம்பு தளர்ந்து, கால் வீங்கி, இதயம் படுத்துப் போற வியாதி அது. அந்த ஒத்தை அறை வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமா ஆச்சு. 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபோய், இன்னிக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்னு பெயரோட இருக்கு.

மெக்காரிசன் செஞ்ச ஒரு சோதனை ரொம்பப் பிரபலம். எலிகளைக் கூட்டம் கூட்டமாப் பிரிச்சு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவில் ஒரு பகுதி ஜனங்க சாப்பிடற சாப்பாட்டைப் போட்டு வளர்த்தார். சீக்கியர் சாப்பாடு (முழுக்கோதுமை சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி) சாப்பிட்ட எலிகள் கொழுகொழுன்னு முதலிடம். கடைசி இடம் யாருக்கு? நமக்குத்தான். மெட்ராஸ் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் நோஞ்சானா நின்னுது :-)

இதைப் படிச்சதும் எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது, மறைக்கலை. ஆனா யோசிச்சா அந்த "மெட்ராஸ் சாப்பாடு" யாரோடது? மில்லில் தீட்டின வெள்ளை அரிசியை மலையாக் குவிச்சு, மேல கொஞ்சம் குழம்பு, தொட்டுக்கக் கொஞ்சம் காய். ஆத்துப் பாசனமும் பட்டணமும் சாப்பிட்ட சாப்பாடு அது. எங்க ஊர் கோவில்பட்டிப் பக்கம். கரிசக்காடு. அங்க நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்தான். மத்த நாளெல்லாம் கம்பு, சோளம், குதிரைவாலி. கி.ராஜநாராயணன் எழுத்தைப் படிச்சவங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. கரிசக்காட்டு எலிக்கு ஒரு கூண்டு ஒதுக்கியிருந்தா கணக்கு மாறியிருக்கும்னு எனக்கு ஒரு நப்பாசை.

மெக்காரிசனுக்கு அப்புறம் 1935-ல் வந்தவர் வாலஸ் அய்க்ராய்ட். என்னைக் கேட்டா இவர்தான் இந்தக் கதையோட நாயகன். இந்தியாவில் சாப்பிடற தானியம், பருப்பு, கீரை, காய், மீனுன்னு நூத்துக்கணக்கான பொருளை அளந்து, எதில் என்ன சத்து இருக்குன்னு பட்டியல் போட்டு 1937-ல் ஒரு சின்னப் புத்தகமா வெளியிட்டார். வெறும் பட்டியலோட நிறுத்தலை. ஏழைக் குடும்பம் சாப்பிடறதையும் பக்கத்தில் வச்சு, இதை எப்படித் திருத்தறதுன்னும் சொன்னார். சுருக்கமாச் சொன்னா: அரிசியைக் கொஞ்சம் குறை, அந்த இடத்தில் கம்போ ராகியோ வை. பருப்பைக் கூட்டு. கீரை தினமும். முடிஞ்சா பால். அரிசியே சாப்பிடறதா இருந்தா தீட்டாத அரிசி, இல்லைன்னா புழுங்கல்.

புழுங்கல் விஷயம் சுவாரசியமானது. நெல்லை வேக வைக்கும்போது தவிட்டில் இருக்கிற பி1 வைட்டமின் அரிசிக்குள்ள இறங்கிடுது. அப்புறம் மில்லில் எவ்வளவு தீட்டினாலும் மொத்தமாப் போயிடாது. ஆந்திரக் கடலோரத்தில் பச்சரிசியை மில்லில் தீட்டிச் சாப்பிட்டவங்களுக்கு பெரிபெரி வந்தது. பக்கத்திலேயே புழுங்கல் சாப்பிட்ட நம்மாளுங்களுக்கு அந்த அளவுக்கு வரலை. எந்த டாக்டரும் சொல்லாமலேயே நம்ம பாட்டிமார் அவிச்சுக் காய வச்சிருக்காங்க. அதுக்காக "அந்தக் காலத்திலேயே எல்லாம் தெரிஞ்சிருந்தது"ன்னு நான் கொடி பிடிக்கப் போறதில்லை. நெல்லை அவிச்சா குத்தும்போது குருணை கம்மியாகும், பூச்சி அவ்வளவா வராது. அதுக்குத்தான் அவிச்சாங்க. வைட்டமின் கூடவே வந்த லாபம்.

சரி, எங்க ஆச்சி சமையலுக்கு வர்றேன். அய்க்ராய்ட் பட்டியலும் அவங்க அடுப்படியும் எவ்வளவு தூரம் ஒத்துப்போகுதுன்னு பார்க்க எனக்கே ஆச்சரியமா இருந்தது.

கம்பஞ்சோறு. கம்பில் தண்ணி தெளிச்சுப் பிசறி உரல்ல போட்டுக் குத்தி, புடைச்சு உமியை நீக்கணும். மறுபடி குத்தி சலிச்சா குருணை தனியா, மாவு தனியா வரும். குருணையை முதல்ல உலையில் போட்டு வேக வச்சு, அப்புறம் மாவைக் கரைச்சு ஊத்தித் துடுப்பால கிண்டிக்கிட்டே இருக்கணும். அசந்தா அடிப்பிடிக்கும். ராத்திரி சூடா ஒரு உருண்டை, நடுவில் குழி பண்ணி அதில் குழம்பு. மிச்சத்தை உருட்டித் தண்ணியில் போட்டு வச்சா காலையில் கரைச்சுக் குடிக்கக் கஞ்சி. மோர் இருந்தா மோர், இல்லாட்டி உப்பும் சின்ன வெங்காயமும். நூறு கிராம் கம்பில் இரும்புச்சத்து 6 முதல் 8 மில்லிகிராம். தீட்டின அரிசியில் ஒண்ணு கூடத் தேறாது.

தொட்டுக்கக் காணத்துவையல். கொள்ளுன்னு மத்த ஊர்ல சொல்வீங்க. வெறும் சட்டியில் காணத்தை வாசம் வர்ற வரைக்கும் வறுத்து, மிளகாய் வத்தல், புளி, உப்பு, பூண்டு ரெண்டு பல் வச்சு அம்மியில் அரைக்கணும். தேங்காய் ஒரு கீத்து இருந்தாச் சரி, இல்லாட்டியும் குத்தமில்லை. குதிரைக்குப் போடறதுன்னு பட்டணத்துக்காரங்க கேலி பண்ணின பயறு இது. நூறு கிராமில் 22 கிராம் புரதம். துவரம்பருப்புக்குச் சளைச்சதில்லை, விலையோ அப்ப ரொம்பக் கம்மி.

கீரைக்குக் காசே கிடையாது. களை எடுக்கப் போன பொம்பளைங்க மடியில் தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் கட்டிக்கிட்டு வருவாங்க. கொல்லையில் ஒரு முருங்கை கட்டாயம். சீனியவரைக்காய் வத்தல், மோர்மிளகாய், சுண்டைவத்தல் எல்லாம் சித்திரை வெயில்ல போட்டு வச்சது பானையில் இருக்கும். வாரத்தில் ஒருநாள் கருவாடு. இனிப்புன்னா உளுந்தங்களி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு.

இதில் பாலைத் தவிர அய்க்ராய்ட் கேட்டது கிட்டத்தட்ட எல்லாம் வந்துடுச்சு. பால் காப்பிக்கடைக்குப் போயிடும், அது வீட்டுக்கு வருமானம்.

இந்த இடத்தில் "ஆஹா, அந்தக் காலம் மாதிரி வருமா"ன்னு பெருமூச்சு விட்டுப் பதிவை முடிச்சுடலாம். நிறைய பேர் அப்படித்தான் முடிக்கறாங்க. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி அரிசிக் கதையைச் சொல்லணும்.

1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடிச்சான். அதுவரை மெட்ராஸ் மாகாணத்துக்கு அரிசி குறைஞ்சா பர்மாவிலிருந்து கப்பல்ல வரும். அது ஒரேயடியா நின்னுபோச்சு. திருவாங்கூர் பாடு இன்னும் மோசம், அவங்க பர்மா அரிசியை நம்பியே இருந்தாங்க. அங்க மரவள்ளிக்கிழங்குதான் கை கொடுத்தது. விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் பரப்பின கிழங்கு, அறுபது வருஷம் கழிச்சு உயிரைக் காப்பாத்திச்சு. நாஞ்சில் நாட்டுக்காரங்க கிழங்கும் மீன்குழம்பும்னு இன்னிக்கு நாக்கைச் சப்புக்கொட்டிச் சாப்பிடறதில் அந்தப் பஞ்சகாலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ரவா இட்லி கூட அரிசித் தட்டுப்பாடு இருந்த அந்த யுத்த காலத்தில் எங்க கடையில் பிறந்ததுதான்னு பெங்களூர் எம்.டி.ஆர். சொல்லிக்குவாங்க.

1943-ல் மெட்ராஸ் பட்டணத்தில் பங்கீடு வந்தது. ஆளுக்கு இத்தனை அவுன்ஸ்னு அளந்து கொடுத்தாங்க. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த பிறகும் அரிசிக்கு வரலை. 1950-ல் மத்திய உணவு அமைச்சரா வந்த கே.எம்.முன்ஷி வாரத்துக்கு ஒருவேளை சாப்பாட்டை விடுங்கன்னு கேட்டுக்கிட்டார். அதே வருஷம் மைசூரில் தொடங்கின உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் வி.சுப்பிரமணியன் தலைமையில் ஒரு வேலை நடந்தது: மரவள்ளி மாவும் நிலக்கடலைப் பிண்ணாக்கு மாவும் கலந்து அரிசி மாதிரியே மணிமணியா ஒரு பண்டம் செய்யறது. செயற்கை அரிசி! அதோட தம்பியா மரவள்ளி மக்ரோனி. சத்துக் கணக்கில் தீட்டின அரிசியை விட மேல். ஆனா ஜனங்க சீந்தலை. சத்து இருக்கு, மலிவா இருக்கு, ஆனா அது சோறு இல்லையேன்னுட்டாங்க. பசிச்சவன் எதையும் தின்பான்னு ஆபீஸ்ல உட்கார்ந்து கணக்குப் போடறவங்களுக்கு இது எப்பவும் புரியறதில்லை. ஏழைக்கும் நாக்கு உண்டு சாமி.

1952-ல் முதல்வரான ராஜாஜி அந்த ஜூனில் கட்டுப்பாட்டை ஒரேயடியா எடுத்துட்டார். பலரும் பயந்தாங்க, நல்லவேளையா அப்போதைக்குச் சமாளிச்சாச்சு. அடுத்த அடி 1965, 66. ரெண்டு வருஷம் தொடர்ந்து மழை பொய்த்தது. பிரதமர் சாஸ்திரி திங்கட்கிழமை ராத்திரி சாப்பாட்டை விடச் சொன்னார், ஹோட்டல்களும் அன்னிக்குச் சாயங்காலம் மூடினாங்க. 1965 ஜனவரியில் தொடங்கின இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்தது தஞ்சாவூரில். அமெரிக்காவிலிருந்து பி.எல்.480 திட்டத்தில் கோதுமை கப்பல் கப்பலா வந்தது. ராத்திரிக்குச் சப்பாத்தி, கோதுமை ரவை உப்புமான்னு நம்ம வீடுகள்ல பழகினதுக்கு அந்த வருஷங்களும் ஒரு காரணம். இன்னிக்கு சர்க்கரை வியாதிக்குச் சப்பாத்தி சாப்பிடறோம், அது வேற கதை.

1967 தேர்தல். ரூபாய்க்கு மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம். இந்தக் கோஷம் தெரியாத தமிழன் இருக்க முடியாது. ஜெயிச்ச அண்ணா அந்த மே 15-ஆம் தேதி சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படியைத் தொடங்கி வச்சார். மாநிலம் முழுக்கக் கொண்டுபோகக் கஜானா இடம் கொடுக்கலை. ஆனா அரிசி விலைதான் ஆட்சியைத் தீர்மானிக்கும்னு அதுக்கப்புறம் யாரும் மறக்கலை. 1972-ல் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது, ஊர் ஊரா ரேஷன் கடை வந்தது. 1997-ல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழ, மேலன்னு பிரிச்சப்போ தமிழ்நாடு பிரிக்காம எல்லாருக்கும் கொடுத்தது. 2006-ல் கிலோ ரெண்டு ரூபாய், 2008-ல் ஒரு ரூபாய், 2011-ல் இலவசம்.

இதில் கரிசக்காட்டுக் கம்பு என்ன ஆச்சு? மெல்ல மெல்லக் காணாமப் போச்சு. காட்டில் மக்காச்சோளமும் பருத்தியும், பானையில் ரேஷன் அரிசி.

"ஏன் ஆச்சி, கம்பஞ்சோறு அவ்வளவு ருசின்னு சொல்றியே, பிறகு ஏன் விட்டே?"ன்னு ஒருதடவை கேட்டேன். பெரிசா ஏதோ பண்பாட்டு விளக்கம் எதிர்பார்த்தேன் போல.

"ஏய்யா, அதைத் திங்க உனக்கு ருசிதான். குத்தினவ யாரு? விடியக்காலம் மூணு மணிக்கு எந்திரிச்சு எட்டு உருப்படிக்குக் குத்தணும். மாசமா இருந்தாலும் குத்தணும், பிள்ளை பெத்த உடம்புன்னாலும் குத்தணும். நெல்லுச்சோத்துக்கு என்னைக்கு வழி பொறந்துச்சோ, அன்னைக்குத்தான்யா என் தோள்பட்டை வலி விட்டுச்சு."

இந்தப் பதில் எந்த ஊட்டச்சத்துப் பட்டியலிலும் இல்லை. மலிவான சாப்பாடுன்னு நாம சொல்றப்போ யாரோ ஒருத்தியோட மூணு மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்கறதே இல்லை. மில்லில் இருந்து வெள்ளையா வந்த அரிசி அவங்களுக்குத் தூக்கம் கொடுத்தது. சத்து போச்சேன்னு நாம இப்ப ஏசி ரூம்ல உட்கார்ந்து வருத்தப்படறோம்.

இன்னொண்ணு. அந்த "சமச்சீர்" சாப்பாடு வீட்டில் எல்லாருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேர்ந்ததா? முதல்ல தாத்தா, அப்புறம் ஆம்பளைப் பிள்ளைங்க, அப்புறம் பொம்பளைப் பிள்ளைங்க, கடைசியில் ஆச்சி. கருவாட்டுத் துண்டு அந்த வரிசையில் பாதி வழியிலேயே தீர்ந்துடும். ஆச்சிக்கு மிஞ்சறது சட்டியோட ஒட்டின குழம்பு. நெல்லுச்சோறு வடிக்கிற நாள்ல கஞ்சித்தண்ணி அவங்களுக்கும் மாட்டுக்கும். சோத்தை வடிச்சா பி வைட்டமின்ல நல்ல பங்கு கஞ்சியோட போயிடும்னு குன்னூர்க்காரங்க எழுதி வச்சிருக்காங்க. ஆக அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆச்சிக்கு அதிர்ஷ்டம்! அறுபது வயசில் இடறி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சப்போ, எலும்பில் சுண்ணாம்புச்சத்தே இல்லைன்னு டாக்டர் சொன்னார். முருங்கைக்கீரை கொல்லையில் இருந்தது. அவங்க தட்டுக்கு எவ்வளவு வந்ததுன்னு யாருக்குத் தெரியும்.

வரிசை இல்லாம பிள்ளைங்களுக்குச் சோறு போய்ச் சேர்ந்த இடம் பள்ளிக்கூடம். 1920-ல் மெட்ராஸ் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயர் காலத்தில் சின்னதாத் தொடங்கினது, 1956-ல் காமராஜர் எங்க ஊருக்குப் பக்கத்து எட்டயபுரத்தில் ஆரம்பிச்சு மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். அறுபதுகள்ல கேர் நிறுவனம் கொடுத்த மக்காச்சோள ரவையும் பால்பவுடரும் சேர்ந்துக்கிச்சு. எங்க அப்பா வயசுக்காரங்க அந்த மஞ்சள் உப்புமா வாசனையை இன்னும் சொல்வாங்க. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு, 1989-ல் கலைஞர் ஆட்சியில் ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. முட்டை பெரிய விஷயம். எங்க அத்தைங்களுக்கு வீட்டில் முட்டை கிடைச்சதே இல்லை. அடுத்த தலைமுறைப் பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில், தம்பிக்குக் கொடுத்த அதே முட்டை கிடைச்சது.

அய்க்ராய்ட் பட்டியலைப் பின்னாளில் விரிவாக்கினவர் சேலத்தில் பிறந்த சி.கோபாலன். குன்னூர் கூடத்திலேயே சேர்ந்து, தலைமைக்கு வந்து, நூறு வயசு தாண்டி வாழ்ந்து 2019-ல் காலமானவர். உலகமே "இந்தியக் குழந்தைக்குப் புரதம் பத்தலை"ன்னு டின் டின்னா புரதப்பொடி விக்கப் பார்த்தப்போ, இவரும் இவர் கூட இருந்தவங்களும் வேற சொன்னாங்க. வழக்கமாச் சாப்பிடற சோறும் பருப்பும் வயிறு நிறையக் கிடைச்சாலே புரதத்தில் பெரும்பகுதி சரியாயிடும், குறை முதல்ல அளவில்தான் இருக்குன்னாங்க. சோதனை பண்ணிக் காட்டவும் செஞ்சாங்க. ரேஷன் அரிசியை எள்ளி நகையாடறவங்களைப் பார்த்தா எனக்குக் கோபாலன் ஞாபகம்தான் வரும். முதல்ல வயிறு நிறைஞ்சது, அது சின்ன விஷயமில்லை. 2007-லிருந்து ரேஷனில் மானிய விலையில் துவரம்பருப்பும் உளுந்தும் பாமாயிலும் சேர்ந்தப்போ குன்னூர்ப் பட்டியலில் இன்னொரு வரியும் நிறைவேறிச்சு. ரேஷனில் உளுந்து கொடுத்த வரைக்கும் எங்க தெருவில் ரேஷன் புழுங்கலரிசியும் ரேஷன் உளுந்தும்தான் இட்லி மாவு. நல்லாவே பொங்கிச்சு, சோதிச்சுப் பார்த்துட்டுதான் சொல்றேன்.

இன்னிக்கு நிலைமை தலைகீழ். அரிசி இலவசம், கம்புக்குத்தான் காசு கொடுக்கணும். குதிரைவாலியைக் கண்ணாடிப் பாக்கெட்டில் போட்டு "பாரம்பரியம்"னு பெயர் ஒட்டினா கேட்கவே வேண்டாம். குத்தறதுக்கு இப்ப மெஷின் இருக்கு, ஆச்சி தோள்பட்டை தேவையில்லை. அதனால எங்க வீட்டில் வாரத்துக்கு ரெண்டுநாள் கம்பு, அதுவும் பாக்கெட் இல்லாம சந்தையில் மொத்தமா வாங்கறது. ராத்திரி ஊறவச்சுக் காலையில் மிக்ஸியில் ரெண்டு சுத்து சுத்தி, குக்கர்ல ஒண்ணுக்கு நாலு தண்ணி விட்டா வேலை முடிஞ்சது. காணத்துவையல் அதே பழைய முறைதான்.

2023 மே மாசம் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் முதல்முறையா ஒரு மாற்றம் செஞ்சாங்க. ரெண்டு மாவட்டத்தில் மட்டும் கார்டுக்கு ரெண்டு கிலோ அரிசிக்குப் பதிலா ரெண்டு கிலோ ராகி. ராகியில் நூறு கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல சுண்ணாம்புச்சத்து, அரிசியில் பத்துப் பக்கம். அந்த ரெண்டு மாவட்டத்தில் ஒண்ணு தருமபுரி, இன்னொண்ணு நீலகிரி. ஆமாம், குன்னூர் இருக்கிற அதே நீலகிரிதான். அரிசியில் ஒரு பங்கை எடுத்துட்டு அங்க ராகியோ கம்போ வைன்னு அய்க்ராய்ட் எழுதி 86 வருஷம் கழிச்சு, அவர் ஆய்வுக்கூடம் இருந்த மலைக்கே வந்து சேர்ந்திருக்கு.

அங்க கார்டு வச்சிருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, ராகி எப்படி இருக்கு, கல்லு கிடக்கா, களி கிண்டறீங்களா தோசையா, வீட்டில் யார் முதல்ல சாப்பிடறாங்கன்னு ஒரு வரி சொல்லுங்க. தெரிஞ்சுக்க ஆசை.